லூபா கோயின் குரல்கள்

லூபா கோய் என்ற பெயரை எம்மவரில் அதிகம் பேர் அறிந்திருக்க நியாயமில்லை. கனடிய அரசியல்வாதிகளை நக்கலடிக்கும் ஆங்கில நிகழ்ச்சி எங்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம். இரண்டு வேலை செய்கிற சனத்துக்கு ஒட்டாவாவில் யார் யாரைத் திட்டினார் என்பதே தெரியாதபோது, திட்டியவரைப் போல ஒருத்தி கதைத்துக் காட்டுவது எப்படிச் சிரிப்பை வரவழைக்கும்? ஆனாலும் இந்த நாட்டில் பலகுரல் நடிப்பை ஒரு பெண் நாற்பது வருடங்களுக்கு மேல் எப்படி நடத்தினார் என்பதை நாங்கள் கவனிக்காமல் விட்டது நட்டம்தான். அவர் வந்த வழி எங்களுடைய வழி.

1945 நவம்பரில், ஐரோப்பாவில் போர் ஓய்ந்து ஆறு மாதமாகியிருந்த வேளையில், ஜேர்மனியின் ஹால்ரேர்ன் என்ற சிறு நகரில் உக்ரேனியப் பெற்றோருக்குப் பிறந்தவர் லூபா. எங்கள் சனத்துக்குப் பழக்கமான பகுதிதான் அது. 2002இல் கும்பாபிஷேகம் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் கோவிலுக்கு அங்கிருந்து காரில் ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம். போருக்குப் பின் சோவியத் ஆட்சிக்குத் திரும்ப மறுத்து ஜேர்மனிய முகாம்களில் கிடந்தவர்களுக்கு உத்தியோகபூர்வப் பெயர் 'இடம்பெயர்ந்த ஆட்கள்'. அதன் ஆங்கிலச் சுருக்கமான 'டீ.பீ.' என்ற இரண்டெழுத்து, கனடாவுக்கு வந்துசேர்ந்ததும் வசவாகிவிட்டது. பள்ளிக்கூட முற்றங்களில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்த அகதிகளின் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். 'றெவ்யூஜி' என்ற சொல்லை எங்கள் பிள்ளைகள் எந்தத் தொனியில் கேட்டார்களோ அதே தொனி. லூபாவின் குடும்பம் 1951இல் கனடாவுக்கு வந்து ஒட்டாவாவில் தங்கியது. அப்போது அவருக்கு ஐந்து வயது. வீட்டில் உக்ரேனிய மொழி, வெளியே ஆங்கிலம்.

மொன்றியாலில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் முறையாகப் பயின்ற நடிகை அவர். பகிடிக்கு வந்தது 1971இல். ஜோன் மோர்கனும் மார்ட்டின் புறொன்ஸ்ரைனும் தொடங்கிய அந்தக் குழுவின் பெயர் 'ஜெஸ்ற் சொசையிற்றி'. பிரதமர் பியர் ட்ரூடோ 'ஜஸ்ற் சொசையிற்றி', அதாவது நீதியான சமுதாயம், அமைப்பேன் என்று முழங்கிக்கொண்டிருந்த காலம். ஓர் உயிரெழுத்தை மாற்றி அதைப் பகிடிச் சமுதாயமாக்கிவிட்டார்கள். 1973 டிசம்பரில் அதே ஆட்கள் சீ.பி.சி. வானொலியில் 'றோயல் கனேடியன் எயார் ஃபார்ஸ்' ஆனார்கள். இங்கேயும் அதே வித்தைதான்: 'ஃபோர்ஸ்' என்ற விமானப்படை 'ஃபார்ஸ்' என்ற கூத்தாகிவிட்டது. றொஜர் அபொட், டொன் ஃபெர்குசன், டேவ் புறோட்ஃபுற், மோர்கன் என்று ஆண்கள் சூழ, லூபா ஒருவரே பெண். அபொட் இங்கிலாந்திலும் மோர்கன் வேல்ஸிலும் பிறந்தவர்கள். ஆக அந்தக் குழுவில் வெளிநாட்டுக்காரர் அவர் மட்டுமல்ல. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாமல் வந்தவர் என்றுதான் அவரைத் தனியே சொல்லலாம்.

பலகுரல் நடிப்பில் நான் முதலில் பார்ப்பது அச்சொட்டாக இருக்கிறதா என்பதை அல்ல. யார் யாரைப் போலச் செய்கிறார், எந்தத் திசையில் என்பதைத்தான். மேலே நிற்பவன் கீழே நிற்பவனின் பேச்சைச் செய்து காட்டினால் அது ஒரு சிரிப்பு. கீழே நிற்பவன் மேலே பார்த்துச் செய்தால் வேறொரு சிரிப்பு. பிறம்டனில் வளர்ந்த றஸ்ஸல் பீற்றர்ஸ் தன் தகப்பனின் இந்திய ஆங்கிலத்தைச் செய்து காட்டி உலகப் புகழ் பெற்றார். திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பகிடியில் வெள்ளைக்காரன் வசதியாகச் சாய்ந்திருந்து சிரிக்கலாம். லூபா கோய், டீ.பீ. பிள்ளை, தன் தாயின் ஆங்கிலத்தை விற்று முன்னுக்கு வரவில்லை. இங்கிலாந்து மகாராணியைச் செய்தார். துணைப் பிரதமர் ஷீலா கொப்ஸைச் செய்தார். சீர்திருத்தக் கட்சியின் முதல் எம்.பி. டெபோரா கிறேயைச் செய்தார். மொழி கற்றுக்கொண்ட ஒருத்தி, அந்த மொழியின் சொந்தக்காரியிடமே 'நீ கதைப்பது இப்படித்தான் கேட்கிறது' என்று காட்டுவதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. இரவல் மொழியில் வாழ்கிறவர்களின் காது கூர்மையானது. எங்கே நாக்கு சறுக்கும் என்று பயந்து பயந்து கேட்ட காது அது.

எங்களிடமும் இந்தக் கலை இருந்தது. இலங்கை வானொலியின் கோமாளிகள் நால்வரையும் அப்பா சொல்லியும் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்தும் அறிவேன்: மரைக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். 1976இல் படமாகவும் வந்தது. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவரின் தமிழ், பிராமணத் தமிழ் எல்லாம் ஒரே வீட்டில் மோதிக்கொள்ளும். ராம்தாஸ் முஸ்லிம் அல்லர், ஹமீத் ஐயர் அல்லர் என்பதே அதன் அழகு. ஒருவரின் தமிழை மற்றவர் இரவல் வாங்கியும் யாரும் கோபிக்காத ஒரு காலம் இருந்திருக்கிறது. ஆனால் அந்த நால்வரில் பெண் இல்லை. உலகின் முதல் பெண் பிரதமரை 1960இல் கண்ட நாட்டில், சிறிமாவோவைச் செய்து காட்டிப் பெயரெடுத்த ஒரு தமிழ்ப் பெண்ணை நான் அறிந்த மேடைகளில் காணவில்லை. வகுப்பில் விரிவுரையாளரைப் போலக் கதைத்துக் காட்டிய பெடியனுக்குக் கைதட்டு விழும். நான் செய்தபோது 'பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்ன வாய்' என்றுதான் வந்தது. எங்கள் தலைவர்களை, எந்தப் பக்கத்துத் தலைவரையும், மேடையில் செய்து காட்ட ஆணுக்கும் துணிவு வராத காலம் அதற்குள் வந்துவிட்டது.

லூபாவின் சிறந்த காலம் வானொலிதான் என்பது என் எண்ணம். 1973 முதல் 1997 வரை ஓடிய அந்த நிகழ்ச்சியின் பழைய பதிவுகளைக் கேட்டால், மூச்சு எங்கே விழுகிறது, சொல் எங்கே இழுபடுகிறது என்பதாலேயே ஆள் வந்து நிற்பார். 1993 ஒக்ரோபரில் தொலைக்காட்சிக்குப் போனதும் பொய்முடியும் சட்டையும் பாதி வேலையைச் செய்யத் தொடங்கின. குரல் சோம்பலானது. இறப்பர்க் கோழியையும் ஏதேதோ சாப்பாட்டுச் சாமான்களையும் பீரங்கியில் அடைத்து அரசியல்வாதியின் படத்தில் சுடுகிற அங்கத்தைச் சனம் கொண்டாடியது. குசினியில் வேலை செய்கிறவளுக்கு அதைப் பார்த்தால் யார் துடைப்பது என்றுதான் முதலில் தோன்றும்.

ஷீலா கொப்ஸைச் செய்தது அவருடைய பேர்பெற்ற வேடம். எனக்கு அதில்தான் மனக்குறையும் இருக்கிறது. கொப்ஸ் இரும்பாலை நகரமான ஹமில்ற்றனிலிருந்து வந்தவர். நாடாளுமன்றத்தில் உரத்துக் கத்துவார். 1985இல் ஓர் அமைச்சர் அவரைக் 'குழந்தை' என்று விளித்து அடங்கியிருக்கச் சொன்னபோது, நான் யாருக்கும் குழந்தையில்லை என்று திருப்பிக் கொடுத்து, அதையே தன் புத்தகத்துக்குத் தலைப்பாக்கியவர். அப்படிப்பட்ட ஒருத்தியை எடுத்து அவருடைய சத்தத்தையே பகிடியாக்கும்போது, வாய் திறக்கிற பெண் எல்லாம் கத்துகிறவள் என்று ஏற்கெனவே நினைத்திருப்பவர்கள்தான் அதிகம் சிரிப்பார்கள். அபொட் பிரதமர் கிறெச்சியனைச் செய்தபோது அவருக்குத் தந்திரமும் கள்ளமும் கிடைத்தன. லூபாவின் கொப்ஸுக்குக் கிடைத்தது தொண்டை. இதை அவர்மேல் மட்டும் போட முடியாது. கனடாவின் ஒரேயொரு பெண் பிரதமரான கிம் கம்பெல் 1993இல் நாலு மாதம்தான் பதவியில் இருந்தார். தொலைக்காட்சித் தொடர் தொடங்கி மூன்றாவது கிழமையில் தேர்தலில் தோற்றுப்போனார். செய்து காட்ட அதிகாரமுள்ள பெண்கள் இல்லாத நாட்டில் பலகுரல்காரி என்ன செய்வாள்? 2003இல் ஜெசிக்கா ஹோம்ஸ் வந்து சேரும்வரை எல்லாப் பெண்களையும் அவரே சுமந்தார்.

இன்னொன்று, எயார் ஃபார்ஸின் பகிடி கடிக்காத பகிடி. கிண்டலடிக்கப்பட்ட அரசியல்வாதிகளே நிகழ்ச்சிக்கு வந்து நின்று சிரித்தார்கள். 1998இல் ஆளுநர் நாயகத்தின் கலை விருதும் கிடைத்தது. அரசு விருது கொடுக்கிற அங்கதத்தில் எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை. ஆனால் தலைவரைச் செய்து காட்டிவிட்டு இரவு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளலாம் என்ற நிலையை இளப்பமாகப் பேச எங்களுக்கு உரிமையில்லை.

தொடர் 2008 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதன்பின் சில வருடங்கள் புத்தாண்டு நிகழ்ச்சியாக மட்டும் வந்தது. நான் முதலில் பார்த்தது அவற்றில் ஒன்றைத்தான். என்னுடைய அகதி விசாரணை முடிந்து அதிக காலமாகவில்லை. விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதையெல்லாம் 'நான்' என்றே ஆங்கிலத்தில் சொல்வார். நான் அழுத இடத்தில் அவர் அழவில்லை. அவசரமாகச் சொல்லி முடித்தார். என்னைப் போல ஒருவர் கதைக்கக் கேட்டது அதுதான் முதல்தடவை. இப்போது உணவகத்தில் ஓடர் எடுக்கத் தொலைபேசியில் நான் 'ஜெசி'. மூக்கால் கொஞ்சம் இழுத்துக் கதைத்தால் முகவரியைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். பலகுரல் கலை எங்களில் அரைவாசிப் பேருக்குச் சம்பளத்தோடு வருகிறது. மேடைதான் இல்லை.

லூபாவுக்கு மேடை 2012இல் முழுதாகக் கிடைத்தது. டயான் ஃபிளாக்ஸ் எழுதிய 'லூபா, சிம்ப்ளி லூபா' என்ற ஒற்றையாள் நாடகத்தில், ரொறன்ரோ பேர்க்லி ஸ்றீற் அரங்கில் தன் சொந்தக் கதையைத் தானே நடித்தார். அறுபத்தேழாவது வயதை எட்டுகிற வேளையில், உக்ரேனியக் குடும்பத்தின் குரல்களோடு. லூபா என்ற பெயர் அவர்கள் மொழியில் அன்பு என்ற சொல்லிலிருந்து வருவது. இவ்வளவு காலமும் கடன்வாங்கிய குரல்களில் கதைத்தவர் வீட்டுக்குரலுக்கு வர நாற்பது வருடம் எடுத்திருக்கிறது. இளவயதில் அதைச் செய்திருந்தால் 'உக்ரேனிய நடிகை' என்ற ஒரு மூலையில் இருத்திவிட்டிருப்பார்கள். முதலில் மற்றவர்களைச் செய்து, தன்னைக் கடைசிக்கு வைத்தது கெட்டித்தனம் என்றே நான் நினைக்கிறேன்.

அவருடைய குரல் இன்னுமொரு இடத்திலும் இருக்கிறது. ரொறன்ரோவின் நெல்வானா நிறுவனம் 1985இல் எடுத்த 'கெயார் பெயர்ஸ்' கேலிச்சித்திரப் படத்தில் வரும் யானை லூபாதான். எங்கள் குசினியில் பாத்திரம் கழுவும் பிலிப்பினோ அக்காவின் மகள் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த யானைதான் மகாராணி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.