இல்லாத காலின் நோவு

கதையென்று அறியாமல் ஒரு கதையை மெய்யென நம்பி, அதன் நாயகனுக்கு உதவப் பொருள் திரட்டினர் அமெரிக்க வாசகர் சிலர். 1866 ஜூலையில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த, ஜார்ஜ் டெட்லோ என்பானைப் பற்றிய சிறுகதையே அது. எழுதியவர் பிலடெல்பியா நகரத்து மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல். உள்நாட்டுப் போரில் கையும் காலும் இழந்தோரை மருத்துவமனையில் கண்டு பழகியவர். உறுப்பிழந்தவன் மனத்தை அவன் வாயாலேயே பேசவைத்த அருமைக்காக இக்கதையை நாம் மதிக்கிறோம். எனினும் இதன்மேல் நமக்கு ஒரு வழக்கும் உண்டு.

டெட்லோ படையில் உதவி மருத்துவன். முதலில் ஒரு கையை இழக்கிறான். பின்னர் 1863-இல் நிகழ்ந்த சிக்கமாகா போரில் இரு கால்களும் சிதைய, மயக்க மருந்து கொடுத்து அவற்றை அகற்றிவிடுகின்றனர். விழித்தவன், இடக் கெண்டைக்காலில் குரக்கு வலி இழுக்கிறது, சற்றுத் தேய்த்துவிடு என்று பணியாளனை வேண்டுகிறான். தேய்ப்பதற்குக் கால் ஏது என்று அவன் போர்வையை விலக்கிக் காட்டுகிறான். காட்சி அவ்வளவே. ஒப்பாரி இல்லை, அடைமொழி இல்லை. ஒவ்வொருவர் நெஞ்சிலும் தம் உடலைப் பற்றிய ஓவியம் ஒன்று உண்டு என்பதும், அறுவைக் கத்தி அவ்வோவியத்தைத் தொடுவதில்லை என்பதும் இந்தச் சில வரிகளில் விளங்கிவிடுகின்றன. இந்நிலைக்கு ‘ஆவி உறுப்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டு மிட்செல் எழுதியது 1871-இல்தான். மருத்துவருக்கு முன்னே கதாசிரியர் நடந்திருக்கிறார்.

நம் வழக்கு இதற்கு அப்பால் தொடங்குகிறது. எஞ்சிய கையும் அழுகல் நோயால் போனபின், டெட்லோவுக்கு உணவு குறைகிறது, உறக்கம் குறைகிறது. அதோடு ‘தான்’ என்னும் உணர்வும் தேய்கிறது. உடல் எத்தனை பங்கு போயிற்றோ அத்தனை பங்கு ஆளும் போயிற்று என்பது போல் கணக்குச் சொல்கிறார் ஆசிரியர். கணக்கில் பழகிய நமக்கே இக்கணக்கு ஒப்பவில்லை.

நம் அலுவலகத்தில் வேலூர்ப் பக்கத்தவரான முன்னாள் படைவீரர் ஒருவர் பணிபுரிகிறார். கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடக்காலை இழந்தவர். செயற்கைக் கால் பூண்ட முதல் மாதங்களில் நடந்துகொண்டே பேச இயலாது என்பார். பேசினால் அடி தவறும், அடியை எண்ணினால் பேச்சு அறும். இயல்பாய் நடப்பார்க்குச் செலவே இல்லாத ஒன்றுக்கு அவர் மனம் முழுவதையும் செலவிட வேண்டியிருந்தது. கோப்பில் குறிப்பெழுத அமர்ந்துவிட்டால் அவருடைய அறிவில் ஓர் இம்மியும் குறைந்ததில்லை. ஆகவே குறைந்தது ஆளன்று; அவருடைய கவனம் வேறிடத்தில் கடனாகப் போயிருந்தது. பழகப் பழக அக்கடன் அடைந்தது. 1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர்ப் பாதத்தைப் பின்னாளில் பொருத்திக்கொண்டார். சம்மணமிடவும் செருப்பின்றி நடக்கவும் இடந்தரும் பாதம் அது. நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் எல்லாரோடும் தரையில் அமர்ந்து இலையில் உண்ட அன்றுதான் அது தம் கால் ஆயிற்று என்றார். கண்ணாடிமுன் எத்தனையோ முறை நின்றும் வராத உரிமை, பந்தியில் வந்தது!

இந்த இரண்டாம் பாதி மிட்செல் கதையில் இல்லை. இழப்பை எழுதத் தெரிந்த கை, பழக்கத்தை எழுதவில்லை. கட்டிலில் கிடக்கும் டெட்லோவை அவர் உற்றுநோக்கினார்; எழுந்து நடக்கப் பயிலும் ஒருவனை நினைத்தும் பார்க்கவில்லை. சென்னையில் மருத்துவம் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு கண்ணாடியை இடைவைத்து, இருக்கும் கையின் நிழலை இல்லாத கையாகக் காட்டிச் சிலருடைய நோவைத் தணித்தார். ஓவியம் மாறக்கூடியது என்பதே அதன் பொருள். கதை அதனை மாறாததாகவே கொள்கிறது.

முடிவும் விந்தையானது. ஆவிகளை அழைக்கும் கூட்டமொன்றில் டெட்லோவின் கால்களே வருகின்றன. படை மருத்துவக் காட்சிசாலையில் தமக்கு இடப்பட்ட 3486, 3487 என்னும் எண்களைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கின்றன! அவன் எழுந்து சில அடி நடந்து, பின் தளர்ந்து வீழ்கிறான். திறனாய்வாளர் இதனைக் கேலி என்பர். பதிவேட்டில் எண் ஏறினால்தான் ஒரு பொருள் இருப்பதாக ஒப்புக்கொள்ளும் நம்மனோர்க்கு, இதில் சிரிப்பும் வந்தது, சற்று நடுக்கமும் வந்தது.

நண்பரிடம் இம்முடிவைச் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு, மேசையின்கீழ் இடக்காலைச் சற்று நீட்டிக்கொண்டு அவர் கேட்டது இவ்வளவே: “அதெல்லாம் சரி சார், இதில் இடது கால் எந்த நம்பர்?”