நாவின் அறம்: ஒரு யூத நூலைக் குறித்து

நியாயப்பிரமாணத்தின்மேல் யூதர் வைத்துள்ள பற்றினை அன்பற்ற சட்டவாதம் என்று நம் பிரசங்கங்களில் பலமுறை கூறிவந்துள்ளோம். அக்கூற்றைச் சோதித்துப் பார்க்க ஏற்றதொரு நூல், 1873-ஆம் ஆண்டு வில்னா நகரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘ஹஃபேட்ஸ் ஹயீம்’ என்பதாகும். ‘வாழ்வை விரும்புகிறவன்’ எனப் பொருள்படும் இத்தலைப்பு 34-ஆம் சங்கீதத்தினின்று எடுக்கப்பட்டது. இயற்றியவர், ராடின் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ரபி இஸ்ரவேல் மேயர் ககன். 1933-இல் அவர் மறையுமுன்னரே நூலின் பெயர் அவருடைய பெயராகவே வழங்கலாயிற்று.

நூல் ஆராய்வது புறங்கூறுதல் என்னும் பாவத்தை. பொய்யான அவதூறு தீது என்பதை யாவரும் ஒப்புவர். ரபிமாரோ, உண்மையாயிருந்தும் பிறனை இழிவுபடுத்தும் பேச்சையே ‘லஷோன் ஹரா’, அதாவது தீய நாவு, என்று விலக்குகின்றனர். “உள்ளதைத்தானே சொன்னேன்” என்னும் சாக்கு இங்கே செல்லாது. கேட்டு நம்புகிறவனும் குற்றத்தில் பங்காளியாகிறான். வேடிக்கையாகச் சொல்வதும், பெயர் கூறாமல் குறிப்பால் உணர்த்துவதும் தடுக்கப்படுகின்றன. அயலானின் மானத்தைக் காக்கும் அன்பே இங்குச் சட்டவடிவம் பெற்றிருப்பதைக் காண்கிறோம். யாக்கோபு நிருபம் 3-ஆம் அதிகாரத்தைப் போதிக்கும் நாம், அதற்கு இத்துணை நுட்பமான நடைமுறை விளக்கம் அளித்ததுண்டா? ஜெபக்குறிப்பு என்ற பெயரால் பிறர் குறைகளைப் பரப்பும் வழக்கம் நம்மிடையே இல்லையா?

ஆயினும் கடினமான கேள்வி ஒன்று எழுகிறது. மௌனத்தை இவ்வளவு உயர்த்தினால், தீங்கிழைப்பவனுக்கு அது மறைவிடமாகாதா? சிறுவரைக் கெடுத்தோரைப் பற்றி வாய்திறந்தவர்கள், அண்மைப் பத்தாண்டுகளில் இச்சட்டத்தைக் காட்டியே அடக்கப்பட்டதை யூதர்களே வருந்தி எழுதியுள்ளனர்.

இதற்கு நூலை முற்றிலும் பொறுப்பாக்குதல் நியாயமாகாது. லேவியராகமம் 19:16-இன் முற்பகுதி கோள்சொல்லித் திரிதலைத் தடுக்கிறது. பிற்பகுதியை, அயலான் ஆபத்தில் வீழ்கையில் வாளா நிற்கலாகாது என ரபிமார் விளக்குவர். ககன் இவ்விரண்டையும் அறிந்தவர். வஞ்சகனுடன் கூட்டு வாணிகம் செய்ய முற்படுகிறவனை எச்சரிப்பது கடமை என்கிறார். எனினும், செய்தியைத் தீர விசாரித்தல், மிகைப்படுத்தாமை, பகையின்றிப் பயன் கருதியே பேசுதல் முதலியவற்றை நிபந்தனைகளாக வகுக்கிறார்.

குறை வேறிடத்தில் உள்ளது எனக் கருதுகிறோம். பேசவேண்டிய கடமை, தடைகள் யாவும் கூறப்பட்ட பின்னரே, ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் விதிவிலக்குப்போல் வருகிறது. நிபந்தனைகளின் சுமையும் பேசுகிறவன்மேலேயே விழுகிறது. வலியவனால் துன்புற்ற எளியவனுக்கு அச்சுமை பெரிது. முற்பகுதியை மனப்பாடம் செய்தோர் பிற்பகுதியை மறந்ததில் வியப்பில்லை.

இக்குறையைச் சுட்டும் தகுதி நமக்கு உண்டா என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். திருச்சபையின் நற்பெயரைக் காப்பதாகச் சொல்லி நாம் மூடிமறைத்தவை சிலவல்ல. வீண்பேச்சில் தாராளமும், பேசவேண்டிய வேளையில் மௌனமும் நம் வழக்கமாயிருக்குமாயின், அவ்வசனத்தின் இரு பகுதிகளையுமே நாம் மீறுகிறோம். ஆயர்கள் இந்நூலைக் கற்பது, யூதரைக் குறித்து அறிவதற்கு மட்டுமின்றி, தங்கள் நாவைத் தாங்களே விசாரிப்பதற்கும் உதவும்.