யாரிடம் சொல்லப்படுகிறது வழி?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் போகும்போது, குருபரப்பள்ளி வந்தால் புறநானூற்றின் 103ஆம் பாடல் நினைவுக்கு வரும். ஔவையார் பாடியது, துறை விறலியாற்றுப்படை. இசைக்கருவிகளைச் சுமந்து, வெறும் பாத்திரத்தோடு பாலைவழியில் உட்கார்ந்திருக்கும் விறலியை அதியமானிடம் போகச் சொல்கிறார். அவனுடைய தகடூர் நாடுதான் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம். ஆக, இந்த மண்ணுக்கான மிகப் பழைய வழிகாட்டல்களில் ஒன்று, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது. சொல்பவளின் கண்ணில் முதலில் படுவது நடப்பவளின் சுமையும் பசியும்.

ஆனால் நம் மரபு இதைச் சிறியதாகவே வைத்தது. கூத்தர், பாணர், பொருநரோடு விறலியையும் தொல்காப்பியம் சேர்த்தே சொல்கிறது. ஆனால் பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளில் ஒன்றுகூட விறலிக்கு இல்லை. சிறுபாணாற்றுப்படையில் விறலியர் வருகிறார்கள். அவர்கள் உடல் உறுப்பு உறுப்பாக வருணிக்கப்படுகிறது. வழியோ பாணனிடம் சொல்லப்படுகிறது.

தேசிய நெடுஞ்சாலை 44ஐயும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை நீளும் இந்தச் சாலை யாரை முன்னிலைப்படுத்திப் பேசுகிறது? சாலையை எத்தனை தடமாக அகலப்படுத்துவது என்று முடிவுசெய்ய, வாகனங்களைக் கார் அலகாக மாற்றிக் கணக்கிடுகிறார்கள். கார் ஒன்று, இருசக்கர வாகனம் அரை, லாரி மூன்று. மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும்கூட அந்த அட்டவணையில் இடமுண்டு. நடப்பவளுக்கு அதில் அலகே இல்லை. சாலையைக் கடப்பவர்களை எண்ணத் தனி முறை இருக்கிறது. அதுவும் கடந்தவர்களைத்தான் எண்ணும். அஞ்சித் திரும்பிப் போனவளை எண்ணாது.

மேம்பாலம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். விரையும் லாரிகளையும், சாலையைக் கடக்கும் மனிதர்களையும் பிரித்தால் உயிர்கள் பிழைக்கும். நீளவாக்கில் போகிறவருக்குப் பாலம் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும். குறுக்கே போகிறவர்களுக்கு? சிப்காட் வேலைக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும், ஒரே நாளில் பல முறை, இடுப்பில் குழந்தையோடும் கையில் பையோடும் கடப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தியாவில் ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும் அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொன்னது. அந்த வேலையில் ஒரு பகுதி சாலையில்தான் நடக்கிறது.

இதே நெடுஞ்சாலையில், மேம்பாலமுள்ள ஓர் ஊருக்கு இரவு எட்டரை மணிக்குப் போய்ச்சேர்ந்தேன். “வண்டி ஊருக்குள்ள போகாதும்மா” என்று நடத்துநர் பாலம் ஏறும் முனையிலேயே இறக்கிவிட்டார். சர்வீஸ் ரோட்டில் விளக்கு இல்லை. என்னோடு இறங்கிய இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, முன்னே நடந்தார்கள். ஒருத்தி திரும்பினாள்.

“அக்கா, புதுசா? லாரி நிக்கிற பக்கம் போகாதீங்க. பாலத்துக்கு அடியில தண்ணி நிக்கும், செருப்பக் கையில எடுத்துக்கங்க. எங்ககூடவே வாங்க.”

எந்தத் திட்ட வரைபடத்திலும் இல்லாத வழி அது. அகலப்படுத்துவதற்கு முன்பு அவர்களிடம் ஒரு முறை கேட்டிருக்கலாம். விளக்கு எங்கே வேண்டும், பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் நடந்துகொண்டே சொல்லியிருப்பார்கள்.