ரோஜாச் செடிகளுக்குக் கீழே

கல்லூரி நாட்களில் எங்கள் பேருந்தில் ஒரு விளையாட்டு உண்டு. 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் வரும் சிறுவனின் குரலில், எஜமானைக் குத்தச் சொல்லி ஒரு பையன் கெஞ்சுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு மனைவி கொல்லப்படும் காட்சியின் வசனம் அது என்று தெரிந்தேதான் சிரித்தேன். அண்மையில் அந்தப் படத்தை மறுபடி பார்க்க உட்கார்ந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

1978இல் வந்த படம். முந்தைய இரண்டு படங்களிலும் கிராமத்தைக் காட்டிய பாரதிராஜா இதில் நகரத்துப் பங்களாவுக்குள் நுழைகிறார். நிவாஸின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் பின்னணி இசையும் இன்றும் பழசாகவில்லை. பாட்டு இரண்டே இரண்டு. புதுமணப்பெண் சாரதா அந்த வீட்டில் தனியாக நடமாடும் காட்சிகளில், கதை முழுக்கத் தெரிந்தும், காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன். பயமுறுத்தத் தெரிந்த படம்தான், சந்தேகமில்லை.

திலீப் பெண்களைக் கொல்கிறான். வளர்ப்புத் தந்தை பார்த்து ரசிப்பதற்காக அது படம்பிடிக்கப்படுகிறது. உடல்கள் தோட்டத்து மண்ணில்; மேலே ரோஜாச் செடிகள். ஏன் இப்படி ஆனான் என்று படம் பொறுமையாக விளக்குகிறது. சிறுவயதில் ஒருத்தி அவன்மேல் ஆசைப்பட்டு, மாட்டிக்கொண்டதும் பழியை அவன் தலையில் போட்டாள். பிறகு அடைக்கலம் தந்த வீட்டில் எஜமானி கணவனை ஏமாற்றினாள். ஆக, கொலைகாரனுக்கு ஒரு பால்யம் இருக்கிறது, அதிலும் குற்றவாளிகள் பெண்களே. மண்ணுக்குள் கிடப்பவர்களுக்கு என்ன இருக்கிறது? கூப்பிட்டால் வருகிறவர்கள் என்ற ஒரே அடையாளம்.

சாரதா துணிக்கடையில் வேலை செய்பவள். கல்யாணத்துக்கு முன் தொட விடமாட்டாள். தாலி கேட்டவள் பிழைக்கிறாள், கேட்காதவர்கள் உரமாகிறார்கள். பெண்களைப் பற்றிய திலீப்பின் கணக்கு தப்பு என்று படம் எங்கும் சொல்லவில்லை; சாரதாவை அதில் சேர்த்ததுதான் பிழை என்கிறது.

"அந்தக் காலத்துப் படம்டி, விடு" என்றாள் தோழி. விட முடியவில்லை. ஒரு வருடம் முன்பு, '16 வயதினிலே'யில், பட்டணத்து டாக்டரை நம்பி ஏமாந்த மயிலின் பக்கம் நின்றவர் இதே பாரதிராஜா. அவள் ஆசைப்பட்டதற்காக அவளைப் புதைக்கவில்லை. அதே காலம்தான், அதே ஸ்ரீதேவிதான்.

கொலைகாரனிடமிருந்து உயிர் தப்பி ஓடிய சாரதாவுக்குப் படம் தரும் முடிவு என்ன? சிறையில் அவன் மனம் பிறழ்ந்து கிடக்கிறான். அவள் பெயர் மட்டும் நினைவிருக்கிறது. அவள் போய்ப் பார்க்கிறாள், மனைவியாக. அதைத் தியாகம் என்று நாம் உருகும்படியாகக் காட்சி அமைந்திருக்கிறது. திலீப் கட்டிய தாலியை அவன் குற்றங்களாலும் அவிழ்க்க முடியவில்லை.

அந்த மனைவியாக நடித்த ஸ்ரீதேவிக்கு, படம் வெளியானபோது வயது 15.