யாரிடம் கைமாற்று கேட்பீர்கள்?

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சைவ ஆகமச் சுவடிகளுக்காகப் பலர் அறிவர். 1955இல் தொடங்கிய அந்நிறுவனம் தோள் கொடுத்த இன்னொரு வேலையின் மீது எனக்குத் தீராத பிரியம். அது ‘நீம்சிஸ்’ என்னும் கிராமக் கணக்கெடுப்பு.

அதன் வேர் 2010இல் நடந்த முதல் சுற்று. பண்ருட்டி வட்டாரத்தில், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் 10 கிராமங்களில் 405 குடும்பங்கள். அவற்றைத் தேர்ந்த விதத்திலேயே கைத்திறன் தெரிகிறது. பாசன ஊரும் உண்டு, மானாவாரி ஊரும் உண்டு. டவுனை ஒட்டியதும் உண்டு, தள்ளியதும் உண்டு. ஊர்த் தெருவும் உண்டு, காலனியும் உண்டு. ஊர்த் தெருவோடு நின்றிருந்தால் காலனியின் கடனும் உழைப்பும் கணக்கிலேயே ஏறியிருக்காது.

2016–17இல் அதே கதவுகளைத் தட்டினார்கள். 405இல் 388 குடும்பங்கள் மறுபடி கிடைத்தன; புதியவற்றோடு 492 ஆயின. குடும்பத் தலைவரிடமும் இளையவர் ஒருவரிடமும் தனித்தனியே கேட்டார்கள்: அவசரத்துக்கு யார் பணம் தருவார்? வேலை யார் மூலம் கிடைத்தது? பாஸ்புக்கில் ஏறாத உறவுகள் பெயர் பெயராக வெளிவந்தன.

உறவைக் கணக்கிடுவது தலையை எண்ணுவது போன்றதல்ல. ஊரில் குலுக்கல் முறையில் பாதிப் பேரைப் பொறுக்கி, அவர்களுக்குள் உள்ள உறவுகளை மட்டும் வரைந்தால், மொத்த உறவில் கால் பங்குதான் மிஞ்சும். உறவுக்கு இரு முனை. இரண்டும் சிக்க வேண்டும். மூன்றில் ஒருவரை எடுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு. இதனால்தான் மானிடவியலாளர் எலினார் பவர் தென் தமிழ்நாட்டில் இரண்டே கிராமங்களை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த பெரியவர்களில் ஏறத்தாழ எல்லோரையும் கேட்டார். நீம்சிஸ் வேறு வழியில் போனது: முழு ஊரின் பின்னலை விட்டு, ஒவ்வொருவரும் சொல்லும் உறவுகளைப் பல ஊர்களில் திரட்டியது. முன்னதில் ஆழம், பின்னதில் அகலம்.

உண்மையில் இருக்கும் வேறுபாட்டைத் தவறவிடாமல் பிடிப்பதே புள்ளியியல் திறன். ஆட்களைக் கூட்டினால் மட்டும் அது வந்துவிடாது. ஒரே வீட்டு இருவர் ஒரே வட்டிக்காரரைச் சொன்னால், அதை இரண்டு முழுச் சாட்சிகளாக எண்ண முடியாது. ஒரே தெருவுக்கும் இதே கதைதான். ஆயிரம் பதிலை ஆயிரம் தனிச் சாட்சியாக எண்ணுபவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

கணக்கெடுப்பின் நடுவே, 2016 நவம்பர் 8 அன்று, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. முன்பு பேசிய வீடுகளையும் பின்பு பேசிய வீடுகளையும் ஒப்பிட்டார்கள் ஆய்வாளர்கள் இசபெல் கெரின், வெங்கடசுப்பிரமணியன், நோர்ட்மன் முதலானோர். கையில் பணமற்ற மக்கள் தங்கள் உறவு வட்டத்தை முன்னைவிட அதிகம் பற்றிக்கொண்டது தெரிந்தது. அந்த நவம்பரை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் வீடுகளை முன்பே ஒழுங்காகத் தேர்ந்து, ஒரே கேள்விகளை எல்லா வாசலிலும் கேட்டுவந்ததால்தான் அந்த ஒப்பீடு கைகூடியது.

எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதை எந்த ஆய்வும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும். யாரை விட்டார்கள், எத்தனை கதவுகளுக்குத் திரும்பிப் போனார்கள் என்று தேடிப் படியுங்கள். ஆய்வின் தரம் அங்கேதான் இருக்கிறது.