ரூத்தும் எஸ்றாவும்: வேதாகமத்தின் உள்முரண் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சமய நூலொன்றில் முரண்பாடு உண்டு எனக் கூறுவது பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே கொள்ளப்படுகிறது. குற்றம் சாட்டுவோர் முரணான இடங்களைத் தொகுத்துக் காட்டுவர். மறுப்போர் அவற்றை ஒன்றோடொன்று இணக்கி விளக்குவர். கிறித்தவ வேதாகமம் பற்றிய விவாதங்களும் இப்போக்கினவே. தமிழில் இவ்விவாதம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் பங்குகொண்ட ஆறுமுக நாவலர், 1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில், பாதிரிமார் சைவ வழிபாட்டில் குறை கண்ட கூறுகளுக்கு ஒப்பானவை அவர்தம் வேதாகமத்து ஆலய வழிபாட்டிலும் உள என எடுத்துக்காட்டினார். எதிர்த்தரப்பின் நூலை முறையாகக் கற்றுத் தேர்ந்து எழுப்பிய வாதம் அது.

இத்தகைய விவாதங்களில் இரு தரப்பாரும் பெரும்பாலும் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். வேதாகமம் ஒரே குரலில் பேச வேண்டும் என்பதே அது. அவ்வெடுகோள் எத்துணைப் பொருந்தும் என்பதை, புறவினத்தார் மீதான விலக்கைப் பேசும் பகுதிகளைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

விதியும் நடைமுறையும்

உபாகமம் 23ஆம் அதிகாரம், அம்மோனியரும் மோவாபியரும் பத்தாம் தலைமுறையிலும் இறைவனின் சபைக்கு உட்படலாகாது என விதிக்கிறது. இதற்குக் காட்டப்படும் காரணங்கள் இரண்டு. எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரை அவர்கள் அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொள்ளவில்லை என்பது ஒன்று. சபிப்பதற்குப் பிலேயாமைக் கூலிக்கு அமர்த்தினர் என்பது மற்றொன்று. முன்னோர் செய்த பிழை பின்னோர்மேல் சுமத்தப்படுவதை ஈண்டுக் காண்கிறோம்.

பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து மீண்டு பாரசீக ஆட்சியின்கீழ் வாழ்ந்த யூதச் சமூகத்தில் இவ்விலக்கு செயல்வடிவம் பெற்றதை எஸ்றா, நெகேமியா ஆகிய நூல்கள் கூறுகின்றன. எஸ்றா 10ஆம் அதிகாரத்தில், புறவின மனைவியரையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிடுவதென உடன்படிக்கை முன்மொழியப்படுகிறது. அத்தகைய மணம் புரிந்த ஆடவரின் பெயர்கள் நீண்ட பட்டியலாகத் தரப்படுகின்றன. அனுப்பப்பட வேண்டிய பெண்களுள் ஒருவர் பெயரேனும் அதில் இல்லை. அவர்கள் சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை.

நெகேமியா 13ஆம் அதிகாரம் மேற்கூறிய விதியையே சான்றாகக் காட்டுகிறது. அஸ்தோத், அம்மோன், மோவாப் நாட்டுப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகள் யூத மொழி பேச அறியாதிருந்தமை நெகேமியாவைச் சினங்கொள்ளச் செய்கிறது. சிறுபான்மையராய் வாழ்ந்து, பிள்ளைகளின் நாவிலிருந்து தாய்மொழி அருகிவருவதைக் காணும் ஆசிரியர்க்கு இவ்வச்சம் புரியாததன்று. எனவே, எஸ்றாவையும் நெகேமியாவையும் வெறும் இனவெறுப்பாளர் எனக் கூறி முடித்துவிடுதல் நேரிய திறனாய்வாகாது. ஆயினும், அச்சத்தின் காரணம் புரிவதாலேயே அதன் விளைவு நியாயமாகிவிடுவதில்லை.

மோவாபியப் பெண்

இதே வேதாகமத்தில் ரூத் என்னும் நூலும் உள்ளது. அதன் தலைவி மோவாபியப் பெண். அவள் பெயரோடு ‘மோவாபியள்’ என்னும் அடை பலமுறை வருவதால், வாசகர் அவள் பிறப்பை மறக்க வழியில்லை. பெத்லகேமில் பஞ்சம் நேர்ந்தபோது எலிமெலேக்கின் குடும்பம் மோவாபில் பிழைத்ததாகவே கதை தொடங்குகிறது. பின்னர், பெத்லகேமின் வயலில் போவாஸ் அம்மோவாபியப் பெண்ணுக்குத் தண்ணீரும் அப்பமும் அளிக்கிறான். அப்பமும் தண்ணீரும் தராதவர் என்று உபாகமம் விலக்கிய இனத்தாரைப் பற்றிய கதையில் இவ்விரண்டும் இடம்பெறுவது கருதத்தக்கது. இது திட்டமிட்டு அளித்த விடையே என அறுதியிட்டுரைக்க இயலாது. ரூத் நூலின் காலம் குறித்தும் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. எஸ்றாவின் கொள்கைக்கு மறுப்பாக எழுந்தது என்பாரும், அதற்கு முந்திய முடியாட்சிக் காலத்தது என்பாரும் உளர்.

காலம் எதுவாயினும் நூலின் முடிவு தெளிவானது. ரூத்தின் மகன் ஓபேத். ஓபேத்தின் மகன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது. பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு ஆகாது எனப்பட்ட குருதி, மூன்றாம் தலைமுறையில் அரியணை ஏறுகிறது. ஏசாயா 56ஆம் அதிகாரமோ, உபாகமத்தின் அதே அதிகாரம் விலக்கிய அண்ணகரையும், அதனோடு புறவினத்தாரையும் இறைவனின் ஆலயத்துக்குள் வரவேற்கிறது.

இணக்க உரைகள்

இம்முரணைப் பழைய உரையாளர்கள் அறியாதிருந்தனர் அல்லர். விலக்கு மோவாபிய ஆடவர்க்கே உரியது, பெண்டிர்க்கன்று என மிஷ்னா தீர்ப்பளிக்கிறது. தாவீதின் குலமரபு இதனால் காக்கப்படுகிறது. ஆனால், நெகேமியா அவ்விதியைப் படித்த அதிகாரத்திலேயே கண்டிக்கப்படும் மணங்கள் மோவாபியப் பெண்டிருடன் நிகழ்ந்தவை. ஓரிடத்தில் எய்திய இணக்கம் மற்றோரிடத்தில் நெருடலாகிறது.

ரூத் இஸ்ரவேலின் இறைவனை ஏற்றாள், எஸ்றா காலத்துப் பெண்கள் ஏற்கவில்லை என்பது மற்றொரு விளக்கம். இதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. புறவினத்தாரின் அசுத்தத்தை விட்டு விலகி வந்தோர் பாஸ்கா விருந்தில் பங்கேற்றதை எஸ்றா 6ஆம் அதிகாரமே குறிப்பிடுகிறது. ஆயின், 10ஆம் அதிகாரத்தில் அப்பெண்களிடம் அவ்வினா கேட்கப்பட்டதாகச் செய்தி இல்லை. கேட்கப்படாத வினாவுக்கு அவர்கள் மறுத்தனர் என விடை கொள்வது பனுவலுக்கு நாம் ஏற்றும் பொருளேயாகும்.

புதிய ஏற்பாட்டிலும் இவ்விழுபறி தொடர்கிறது. மத்தேயு தம் நற்செய்தியின் தொடக்கத்தில் இயேசுவின் குலமரபில் ரூத்தின் பெயரைச் சேர்க்கிறார். அவரே 15ஆம் அதிகாரத்தில், மகளின் நலம் வேண்டி வந்த பெண்ணைக் கானானியள் என்கிறார். மாற்கு அவளைச் சீரோபேனிக்கியள் என்றே சுட்டியிருந்தார். பிள்ளைகள் முதலில் உண்ணட்டும் என மாற்கில் வரும் கூற்று, பிறர்க்கும் பின்னர் இடமுண்டு எனக் குறிப்பால் உணர்த்துகிறது. மத்தேயுவில் அக்கூற்று இல்லை. இஸ்ரவேலுக்கு மட்டுமே அனுப்பப்பட்டதாகக் கூறும் மறுப்பு அங்கே சேர்கிறது. கிரேக்க மூலத்தில் வருவது குறுமைப் பொருள் தரும் சொல்லாதலின் ‘நாய்’ அன்று, ‘நாய்க்குட்டி’ எனக் கூறிக் கடுமையைத் தணிப்பாருண்டு. நாய்க்குட்டி என்றாலும் மேசையில் அவளுக்கு இடமில்லை. எனினும், அக்கதையில் வாதத்தில் வெல்பவள் அப்பெண்ணே. எஸ்றாவின் பட்டியலில் கிடைக்காத பேச்சு அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

முடிவுரை

முரணை அகற்றும் முயற்சிகள் தொடக்கக் காலத்திலேயே நிகழ்ந்துள்ளன. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் எபிரேய மறைநூல்களை முற்றாக ஒதுக்கினார். தத்தியான் நான்கு நற்செய்திகளையும் ஒரே வரலாறாகப் பின்னினார். சிரியத் திருச்சபைகளில் தத்தியானின் நூல் நெடுங்காலம் வழங்கிய போதிலும், இறுதியில் நிலைபெற்றவை நான்கு தனி நற்செய்திகளே. மார்சியோனைத் திருச்சபை விலக்கியது. வேறுபட்ட குரல்களை அருகருகே வைத்துக் காக்கும் மரபு அந்நூற்றொகுதிக்கு உரியது என்பது இவற்றால் விளங்கும்.

இம்முடிவு வாசகரின் பொறுப்பைக் கூட்டுகிறது. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை இனப்பிரிவினைக்கு விவிலிய ஆதாரம் காட்டி வந்தது. 1986இல் அந்நிலைப்பாடு பிழையென அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் வேதாகமத்தில் ஒரு வரியும் மாறவில்லை. எஸ்றாவைக் காட்டி ஒருவரை விலக்குவோர், நூல் கூறுகிறது என்று மட்டும் சொல்லித் தப்ப இயலாது. ரூத்தும் அந்நூலிலேயே இருக்கிறாள். அவளைவிட்டு எஸ்றாவைத் தேர்ந்தவர் தாமே. அவ்வாறே, ரூத்தைப் போற்றுவோரும் அனுப்பப்பட்ட பெண்களின் அதிகாரத்தைப் படிக்காமல் கடந்துவிட இயலாது.

வகுப்பறையில் சமய இலக்கியம் கற்பிக்கும் நமக்கும் இது பொருந்தும். மொழியையும் மரபையும் காக்க வேண்டும் என்னும் கவலை நம்மிடமும் உண்டு. அக்கவலையின் பெயரால் யாரை வெளியே நிறுத்துகிறோம் என்னும் வினாவை மாணவர் எழுப்பும்போது, நூலில் முரணே இல்லை எனச் சாதிப்பதினும் முரணான இரு பகுதிகளையும் ஒருசேரப் படிக்கச் செய்தலே தக்கது என்பது நம் கருத்தாகும்.