படிக்க முடியாத லேபிள்

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கலவைக்குப் பொருந்தாத எந்தப் பானமும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் கரைசலைக் குறிக்கும் ‘ஓஆர்எஸ்’ என்ற பெயரைச் சூடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதற்குக் கிடைத்த பலன் அது. ஆனால் அதைக் காட்டி, “சட்டம் சரியாகத்தான் இருக்கிறது, சோதனைக்குப் போக ஆள்தான் போதவில்லை” என்று பேசுகிறார்களே, அதை ஏற்க முடியவில்லை.

ஆள் போதாது என்பது உண்மை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிதறிக் கிடந்த விதிகளை ஒன்று சேர்த்ததும், தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்ததும் நல்லவையே. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதிப்பதில் புதுச்சேரி தமிழ்நாட்டை முந்திக்கொண்டது. மனம் வைத்தால் வேகமாக நடக்க முடியும்.

என் குறை வேறு. வெகுநாளாகச் சொல்லி வருவது. லேபிளில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது ஒழுங்குமுறை. பிற மொழி, கம்பெனி விரும்பினால். புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு லேபிள் சரியாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும் ஒன்றுதான்.

ஓஆர்எஸ் கதையையே பாருங்கள். 2022 ஏப்ரலில் ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது. ஜூலையிலேயே இளகி, ‘இது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவை அல்ல’ என்று டப்பாவில் அச்சிட்டுவிட்டு விற்கலாம் என்றது. மூன்று ஆண்டுக்கு மேல் அந்த ஏற்பாடு நீடித்தது. பாகூர்க் கிராமத்துத் தாய்க்கு, சுகாதார நிலையத்தில் கொடுக்கும் பொட்டலத்தால் அந்த மூன்று எழுத்து பழக்கம். அவற்றை மறுக்கும் வாசகம் அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தது. சரியான கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். இந்தப் பானங்களிலோ சர்க்கரை பல மடங்கு. வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்கு அதிகச் சர்க்கரை போக்கை இன்னும் கூட்டும். அந்த எச்சரிக்கை தாயைக் காப்பாற்றவில்லை, கம்பெனியைக் காப்பாற்றியது.

கடைக்காரர் நிலை இன்னும் கொடுமை. சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, பாதுகாப்பற்ற உணவைத் தெரிந்தே வாங்கி விற்றால்தான் விற்பனையாளர் பொறுப்பு. தவறான லேபிள் உள்ள பொருளுக்கோ ‘தெரிந்தே’ என்ற நிபந்தனையே கிடையாது. தெரியாமல் செய்ததை அபராதத் தொகையை முடிவு செய்யும்போது கணக்கில் எடுக்கலாம், அவ்வளவுதான். உரிய கவனத்தோடு நடந்தேன் என்று வாதிட 80-ஆம் பிரிவு இடம் தருகிறது. படிக்கவே முடியாத லேபிளை எந்தக் கவனத்தோடு சரிபார்ப்பது? பெட்டிக்கடை அம்மா ஒருவர், டின்னைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் நீட்டி, “எந்தத் தேதி வரைக்கும்னு பாரு தம்பி” என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்தான் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர்.

இத்தனை மொழிக்கு டப்பாவில் இடமேது என்பார்கள். விளம்பரம் செய்யும்போது தமிழ் எப்படி வருகிறது? இலவசம் என்று சொல்ல இடம் கிடைக்கிறது, எச்சரிக்கைக்குக் கிடைக்கவில்லையா? சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்று, எழுத்தே தெரியாதவருக்கும் புரியும்படி பேச இதே ஆணையத்துக்குத் தெரிந்திருக்கிறது.

புதுச்சேரியின் ஆட்சிமொழிச் சட்டம் 1965-ஆம் ஆண்டுக்கானது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள மண்ணில் சோறும் பாலும் தமிழில் பேசாமல் இருப்பதை எந்த அரசும் கேள்வி கேட்கவில்லை. நாடாளுமன்றம் வரை போகவும் தேவையில்லை. மத்திய அரசின் ஒப்புதலோடு ஆணையமே ஒழுங்குமுறையைத் திருத்தலாம். பொருளின் பெயர், கெடு தேதி, எச்சரிக்கை: இந்த மூன்றையாவது விற்கும் ஊரின் மொழியில் கட்டாயமாக்கட்டும். அதுவரை வில்லியனூர்ப் பெட்டிக்கடைகளில் அபராத நோட்டீஸை நீட்டாதீர்கள்.